காஸ் கீசர்: தீ வெளியே, வெந்நீர் உள்ளே

2020 ஜனவரியில் மும்பை போரிவலியில் குளிக்கப் போன ஒரு பள்ளி மாணவி குளியலறையில் மயங்கிக் கிடந்தார். சில நாட்களில் மருத்துவமனையில் உயிரிழந்தார். 2023 மார்ச்சில், ஹோலியை ஒட்டி, காட்கோபர் கிழக்கில் ஒரு தம்பதி தங்கள் வீட்டுக் குளியலறையிலேயே இறந்து கிடந்தனர். இரண்டு இடங்களிலும் சந்தேகம் விழுந்தது ஒரே பொருளின் மேல். அது காஸ் கீசர்.

இத்தகைய செய்திகள் குளிர்காலம் தோறும் இந்திய நகரங்களிலிருந்து வருகின்றன. படிக்கிறவர்கள் மனத்தில் பதிவது, காஸ் கசிந்து ஆள் இறந்துவிட்டார் என்பது. அதனால் வீட்டில் கீசர் வைத்திருப்பவர்கள் குழாயை மோந்து பார்க்கிறார்கள், வால்வை இறுக்குகிறார்கள், கசிவு இல்லை என்று நிம்மதி அடைகிறார்கள். ஆனால் இப்படிப்பட்ட மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கசிவு தேவையே இல்லை. கீசர் ஒழுங்காக எரிந்துகொண்டிருக்கும்போதே அது நடந்துவிடும். எப்படி என்று புரிந்துகொண்டால், எங்கே பொருத்தலாம், எங்கே பொருத்தக் கூடாது என்பதும் தானாகப் புரியும்.

மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வீட்டுக்குள்ளே இருக்கும் விஷயம். மகாநகர் காஸ் நிறுவனம் 1995இல் தொடங்கப்பட்டது. அதன் குழாய் வழியே மும்பையின் பல லட்சம் சமையலறைகளுக்கு எரிவாயு வருகிறது. குழாய் காஸ் வந்த வீட்டில், மின் கட்டணத்தைக் குறைக்க ஒரு கீசரையும் அதில் இணைத்துவிடலாமே என்ற எண்ணம் இயல்பாக எழுகிறது. எண்ணத்தில் தவறில்லை. எந்த இடத்தில் இணைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கீசருக்குள் நடப்பது

சுவரில் மாட்டும் சிறிய காஸ் கீசரில் நீரைச் சேர்த்து வைக்கும் தொட்டி கிடையாது. மேலே செம்புக் குழாய் சுற்றிய ஒரு பெட்டி இருக்கும். அதற்குக் கீழே வரிசையாகப் பர்னர்கள் இருக்கும். நாம் வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் நீர் ஓடத் தொடங்குகிறது. ஓடும் நீரின் அழுத்தம் ஒரு ரப்பர் சவ்வைத் தள்ளுகிறது, சவ்வு ஒரு சுவிட்சை அழுத்துகிறது. இரண்டு டார்ச் பேட்டரிகளின் மின்சாரத்தில் பொறி பறக்கிறது, காஸ் வால்வு திறக்கிறது, பர்னர்கள் பற்றிக்கொள்கின்றன. செம்புக் குழாய்க்குள் ஓடும் நீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறது. குழாயை மூடினால் நீர் நிற்கும், தீயும் அணையும்.

இந்தச் சிறிய பெட்டி எவ்வளவு தீயை எரிக்கிறது என்பதைப் பலர் கணக்கிட்டுப் பார்த்ததில்லை. நிமிடத்துக்கு 6 லிட்டர் நீரை 25 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேற்ற ஏறத்தாழ 10.5 கிலோவாட் வெப்பம் வேண்டும். வீணாகிப் போகும் வெப்பத்தையும் சேர்த்தால் சுமார் 12 கிலோவாட். சமையலறை அடுப்பின் ஒரு பர்னர் ஏறத்தாழ 2 கிலோவாட் தரும். அதாவது கீசர் எரியும்போது ஆறு அடுப்புப் பர்னர்கள் முழுத் தீயில் எரிகின்றன. சமையலறையில் இப்படி ஆறு பர்னர்களைச் சன்னலைச் சாத்திக்கொண்டு யாரும் எரிக்க மாட்டார்கள். குளியலறையிலோ கதவையும் தாழிட்டுக்கொண்டு எரிக்கிறோம்.

எரிவதற்குக் காற்று வேண்டும். குழாய் காஸில் பெரும்பகுதி மீத்தேன். ஒரு கன மீட்டர் மீத்தேன் முழுமையாக எரிய ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்று தேவை. 12 கிலோவாட் கீசர் மணிக்குச் சுமார் 1.2 கன மீட்டர் காஸை எரிக்கும். அதற்கு மணிக்கு 12 கன மீட்டர் காற்று, அதாவது நிமிடத்துக்கு 200 லிட்டர் காற்று போக வேண்டும். சிலிண்டர் காஸானாலும் கணக்கு பெரிதாக மாறாது. ஒரே அளவு வெப்பத்துக்கு ஏறக்குறைய ஒரே அளவு காற்றுதான் செலவாகும்.

இப்போது மும்பைக் குளியலறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கடி அகலம், ஐந்தடி நீளம், ஏழடி உயரம். அதன் கொள்ளளவு சுமார் 4 கன மீட்டர். கதவு, சன்னல் இரண்டும் இறுக மூடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். இந்த அறையில் இருக்கும் ஆக்சிஜன் சுமார் 840 லிட்டர். கீசர் நிமிடத்துக்கு 40 லிட்டர் ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. மூன்று நிமிடத்தில் 120 லிட்டர் போய்விடும். அறையின் ஆக்சிஜன் 18 சதவீதத்துக்கு இறங்கிவிடும். உண்மையில் கதவிடுக்கு வழியே கொஞ்சம் காற்று வரும், அதனால் சில நிமிடங்கள் தள்ளிப்போகும். ஆனால் கணக்கு போகும் திசை மாறாது.

ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது மீத்தேன் எரிந்து கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறுகிறது. ஆக்சிஜன் குறையும்போது எரிதல் பாதியில் நின்றுவிடுகிறது. அப்போது பிறப்பது கார்பன் மோனாக்சைடு. முழுமையாக எரியாத தீயிலிருந்து வரும் நச்சு வாயு இது. குளித்துக்கொண்டிருப்பவருக்கு எதிரி இந்த வாயுதான். கீசர் பழுதாகவில்லை, குழாயில் ஓட்டை விழவில்லை. அறைக்குள் காற்று போதவில்லை, அவ்வளவுதான்.

மூக்குக்குத் தெரியாத வாயு

நம் வீட்டுக்கு வரும் காஸுக்கு இயல்பாக மணம் இல்லை. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்கேப்டன் என்ற நாற்றமடிக்கும் சேர்மத்தை அதில் கலக்கிறார்கள். ஆனால் காஸ் எரியும்போது மெர்கேப்டனும் எரிந்துவிடுகிறது. அதன் பிறகு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கண்ணை எரிக்காது, இருமல் வராது. ஆகவே, நாற்றம் வந்தால் ஓடிவந்துவிடலாம் என்ற நம்பிக்கை இங்கே உதவாது.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். கார்பன் மோனாக்சைடு அதோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்கிறது. ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தில் இது ஏறி உட்கார்ந்துவிடுவதால் மூளையும் இதயமும் பட்டினி கிடக்கின்றன. நெஞ்சு மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அந்த மூச்சால் பயனிராது.

எவ்வளவு வாயு, எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்தே பாதிப்பு அமையும். பத்து லட்சம் பங்கு காற்றில் 400 பங்கு கார்பன் மோனாக்சைடு இருந்தால் ஓரிரு மணி நேரத்தில் தலைவலி வரும். 1,600 பங்கு இருந்தால் 20 நிமிடத்தில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல். அங்கேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மரணம். 12,800 பங்கு, அதாவது காற்றில் 1.3 சதவீதத்துக்கும் குறைவான அளவு, ஒன்று முதல் மூன்று நிமிடத்தில் உயிரைப் பறித்துவிடும்.

இதில் ஒரு கொடுமையும் உண்டு. பல நேரங்களில் முதலில் தளர்ந்துபோவது கைகால்கள். ஏதோ சரியில்லை என்று மனம் உணரும்போது எழுந்து தாழ்ப்பாளைத் திறக்க உடம்பில் வலு இருக்காது. வெளியே இருப்பவர்களுக்கு நீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே அவர்களுக்கும் சந்தேகம் வராது. நீர் ஓடும் வரை கீசரும் எரிந்துகொண்டே இருக்கும்.

உயிர் பிழைத்தவர்களிலும் சிலருக்கு வலிப்பு வந்திருக்கிறது, நினைவு தவறியிருக்கிறது. குளியலறையில் விழுந்து வலிப்பு வந்தவரைக் காக்காய் வலிப்பு நோயாளி என்று எண்ணி ஆண்டுக் கணக்கில் மாத்திரை கொடுப்பதும் நடக்கக்கூடியதே. இந்திய நரம்பியல் மருத்துவர்கள் இதைத் தனியாகக் கவனித்து, மருத்துவ இதழ்களில் காஸ் கீசரின் பெயராலேயே இந்தப் பாதிப்பை விவரித்திருக்கிறார்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் ஆகியோருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

நம் வீட்டு வழக்கங்களில் எந்த நாள் அதிக ஆபத்தானது என்றும் பார்க்க வேண்டும். ஹோலி முடிந்து சாயத்தைக் கழுவ நெடுநேரம் வெந்நீர் ஓடுகிறது. தீபாவளி விடியற்காலையில் வீட்டிலுள்ள அனைவரும் ஒருவர் பின் ஒருவராக எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார்கள். முதலில் குளித்தவர் விட்டுச்சென்ற கெட்ட காற்றுக்குள் அடுத்தவர் நுழைகிறார், குளிருக்காகச் சன்னலையும் சாத்திக்கொள்கிறார். முதல் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது மூன்றாவது ஆளுக்கு உத்தரவாதம் தராது. ஐந்து ஆண்டுகளாக ஒன்றும் ஆகவில்லை என்பதும் அப்படியே.

கீசரில் எத்தனை வகை

புகைபோக்கியை வைத்துக் கீசர்களை நான்காகப் பிரிக்கலாம்.

முதல் வகைக்குப் புகைபோக்கி கிடையாது. அறையிலிருந்தே காற்றை எடுத்து, எரிந்த வாயுவை அறைக்குள்ளேயே விடும். இந்தியக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 6 லிட்டர் கீசர்களில் பெரும்பாலானவை இவைதான். இரண்டாவது வகையில் ஒரு தகரக் குழாய் இருக்கும். சூடான வாயு தானாக மேலெழுந்து அதன் வழியே வெளியேறும். ஆனால் எரிவதற்கான காற்று அறையிலிருந்துதான் போகும். மூன்றாவது வகையில் ஒரு மின்விசிறி வாயுவைக் குழாய் வழியே வெளியே தள்ளும். காற்று இங்கும் அறையிலிருந்தே வரும். நான்காவது, அடைப்பறை வகை. எரியும் பகுதி முழுவதும் மூடிய பெட்டிக்குள் இருக்கும். இரட்டைக் குழாயின் ஒரு வழியில் வெளிக்காற்று உள்ளே வரும், மறு வழியில் எரிந்த வாயு வெளியே போகும். வீட்டுக்குள்ளிருக்கும் காற்றை இது தொடுவதே இல்லை.

பிரிட்டனில் 1998ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிகள், குளியலறையில் காஸ் கருவி பொருத்தினால் அது அடைப்பறை வகையாகவே இருக்க வேண்டும் என்கின்றன. மற்ற வகைகளுக்கு அங்கே குளியலறையில் இடமில்லை. நாம் சாதாரணமாக வாங்குவது இதற்கு நேரெதிரான முதல் வகை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியின் மேல் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். சிலிண்டர் காஸில் இயங்கும் சிறிய கீசர்களுக்கு ஐஎஸ் 15558 என்ற இந்தியத் தரக்குறிப்பு 2005இல் வந்தது. முத்திரை உள்ள கீசரையே வாங்க வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் முத்திரை சான்று தருவது இயந்திரத்துக்கு மட்டும். அதை மாட்டப் போகும் அறையை எந்த ஆய்வகமும் சோதிக்கவில்லை. அதனால்தான் பல கீசர்களின் கையேடுகளிலேயே, குளியலறைக்குள் பொருத்தாதீர்கள் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்தக் கையேடு பெரும்பாலும் அட்டைப்பெட்டியோடு குப்பைக்குப் போய்விடுகிறது.

கீசரிலுள்ள பாதுகாப்புச் சாதனங்களையும் பிரித்தறிய வேண்டும். தீ அணைந்தால் காஸை நிறுத்தும் சாதனம் கசிவிலிருந்து காக்கும். நீர் அளவுக்கு மீறிச் சூடானால் நிறுத்தும் சாதனம் கொப்புளத்திலிருந்து காக்கும். இவை இரண்டும் கார்பன் மோனாக்சைடை அறியாதவை. அறையில் ஆக்சிஜன் குறைந்தால் தீயை நிறுத்தும் உணரி மட்டுமே இந்த ஆபத்தோடு நேரடித் தொடர்புடையது. அது எல்லாக் கீசர்களிலும் இருப்பதில்லை. இருந்தாலும் அது கடைசித் தடுப்பு. அதை நம்பிக் கீசரைத் தவறான இடத்தில் மாட்டக் கூடாது.

எந்த வீட்டில் எங்கே

தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் வெந்நீர் அடுப்பு கொல்லைப்புறத்தில் இருந்தது. தவலையில் நீர் கொதிக்கும், அதை வாளியில் மொண்டு வந்து குளிப்பார்கள். தீயும் புகையும் வெளியே இருந்தன, நீர் மட்டும் உள்ளே வந்தது. காஸ் கீசருக்கும் பாதுகாப்பான ஏற்பாடு இதுவே. கீசர் திறந்த வெளிக்காற்றில் இருக்க வேண்டும். அங்கிருந்து வெந்நீர்க் குழாய் மட்டும் குளியலறைக்குள் வர வேண்டும்.

மாட்டுங்காவின் பழைய வீடுகளில் இதற்கு வசதி உண்டு. 1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பிறகு, 1898இல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைந்தது. நெருக்கமும் காற்றோட்டமின்மையும் நோய்க்குக் காரணம் என்று கருதி, தாதர், மாட்டுங்கா பகுதிகளை அகலமான தெருக்களோடும் கட்டடங்களுக்கிடையே இடைவெளியோடும் அந்த அமைப்பு திட்டமிட்டது. அப்படிப்பட்ட கட்டடங்களில் பின்பக்க பால்கனி கீசருக்கு ஏற்ற இடம். ஆனால் பல வீடுகளில் அந்த பால்கனியைக் கண்ணாடிச் சன்னல் போட்டு அடைத்து அறையாக்கிவிட்டார்கள். அடைத்த பால்கனி திறந்தவெளி ஆகாது. சன்னலைச் சாத்தினால் அதுவும் ஒரு மூடிய அறைதான். அங்கே கீசர் வைப்பதென்றால், மூட முடியாத காற்றுத் திறப்புகள் மேலும் கீழும் நிரந்தரமாக இருக்க வேண்டும்.

மாடியில் தொட்டி உள்ள பழைய கட்டடங்களில் மேல்தளத்தில் நீர் அழுத்தம் குறைவு. அழுத்தம் போதாவிட்டால் சவ்வு சுவிட்சைத் தள்ளாது, கீசர் பற்றாது. இதைச் சமாளிக்கச் சிலர் சுவிட்சை நேராக இணைத்துவிடச் சொல்கிறார்கள். அது பெரும் தவறு. நீர் ஓடாமலே தீ எரிந்து செம்புக் குழாய் உருகக்கூடும். அழுத்தத்தைக் கூட்டச் சிறிய பம்பு வைப்பதே முறை.

செம்பூரில் பழைய சொசைட்டிகள் இடிக்கப்பட்டு உயர்ந்த கட்டடங்கள் எழுகின்றன. புதிய வீடுகளில் குளியலறைச் சன்னல் பெரும்பாலும் ஒரு குறுகிய உள்முற்றத்தில் திறக்கிறது. டக்ட் என்று எல்லோரும் சொல்லும் இடம் அதுதான். அங்கே கழிவுநீர்க் குழாய்கள் இறங்கும், எல்லா மாடிக் குளியலறைகளும் அதைப் பார்த்தே இருக்கும். கீசரின் புகைக்குழாயை டக்டுக்குள் விட்டால், வாயு மேல்மாடிக்காரரின் சன்னல் வழியே அவர் குளியலறைக்குள் போகலாம். எனவே புகைக்குழாய் கட்டடத்தின் வெளிச்சுவருக்குப் போக வேண்டும். அதன் முனை சன்னல் பக்கத்தில் இருக்கக் கூடாது.

எக்ஸாஸ்ட் ஃபேன் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. ஃபேன் ஓடினால் போதும் என்கிறார்கள். மூடிய அறையிலிருந்து ஃபேன் காற்றை வெளியே இழுத்தால் அதே அளவு காற்று வேறு வழியாக உள்ளே வர வேண்டும். வேறு வழி இல்லையென்றால், இரண்டாவது வகைக் கீசரின் புகைக்குழாய் வழியே எரிந்த வாயு உள்ளே திரும்பி வரும். சமையலறை சிம்னியும் இதையே செய்யும். உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் தனித்தனியாக இருந்தால்தான் அது காற்றோட்டம்.

தாராவியில் நிலைமை வேறு. கோலி எனப்படும் பத்தடிக்குப் பத்தடி ஒற்றை அறை வீட்டில் ஒரு மூலையில் மோரி. அங்கேதான் குளியல், அங்கேதான் பாத்திரம் துலக்குதல். பக்கத்திலேயே அடுப்பு. பின்பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர். திறந்தவெளி என்பது முன்னால் இருக்கும் சந்து மட்டுமே. இப்படிப்பட்ட வீட்டில் காஸ் கீசருக்குப் பாதுகாப்பான இடம் இல்லை. அடுப்பில் ஒரு பானை நீரைச் சுட வைத்துக் கதவைத் திறந்து வைப்பது அதைவிடப் பாதுகாப்பானது. தாராவி மறுசீரமைப்பில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு 350 சதுர அடி வீடு தரப்படும் என்று 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அந்த வீடுகளுக்குக் குழாய் காஸ் வரும்போது கீசரும் பின்னாலேயே வரும். கீசருக்கான திறந்த இடத்தைக் கட்டும்போதே ஒதுக்குவது எளிது. பிறகு சுவரை உடைத்து இடம் தேடுவது கடினம்.

பொருத்தும் வரிசை

முதல் வேலை, காஸைப் பார்த்துக் கீசரைத் தேர்ந்தெடுப்பது. குழாய் காஸ் வீட்டுக்குள் ஏறத்தாழ 21 மில்லிபார் அழுத்தத்தில் வருகிறது, சிலிண்டர் காஸ் சுமார் 30 மில்லிபாரில். இரண்டின் வெப்ப அளவும் வேறு. அதனால் பர்னரின் துளையளவும் வேறு. சிலிண்டருக்கான கீசரை அப்படியே குழாயில் இணைக்கக் கூடாது, குழாய்க்கானதைச் சிலிண்டரிலும் இணைக்கக் கூடாது. எதற்கானது என்பது கீசரின் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும்.

இரண்டாவது, மீட்டரும் குழாயும் தாங்குமா என்று பார்ப்பது. வீடுகளில் பரவலாக உள்ள ஜி 1.6 வகை மீட்டர் மணிக்கு 2.5 கன மீட்டர் வரை காஸ் தரும். கீசருக்கு 1.2 போக அடுப்புக்கு 1.3 மிஞ்சும். பொதுவாக இது போதும். ஆனால் குழாய் மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால் அழுத்தம் குறைந்து தீ சரியாக எரியாது. எனவே புதிய இணைப்புக்குக் காஸ் நிறுவனத்திடம் விண்ணப்பித்து, அதன் அங்கீகாரம் பெற்ற ஆளைக் கொண்டே குழாய் இழுக்க வேண்டும். பிளம்பர் நீர்க்குழாயைப் பார்க்கட்டும். அடுப்புக்கு வரும் ரப்பர் குழாயில் டி போட்டுக் கீசருக்கு இழுப்பது எக்காரணத்தாலும் கூடாது.

மூன்றாவது, கீசருக்கென்று தனி வால்வு, கைக்கெட்டும் இடத்தில். நான்காவது, கீசர் மாட்டும் சுவர் தீப்பிடிக்காததாக இருக்க வேண்டும். மேலே துணிக்கொடி, பக்கத்தில் திரை, அலமாரி எதுவும் இருக்கக் கூடாது. ஐந்தாவது, வேலை முடிந்ததும் அழுத்தச் சோதனை. பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். குழாய் காஸ் காற்றைவிட லேசானது, கசிந்தால் மேலே சேரும். சிலிண்டர் காஸ் கனமானது, தரையோடு தங்கும். ஆகையால் முதலாவதற்கு மேல் திறப்பும் இரண்டாவதற்குக் கீழ் திறப்பும் மிக முக்கியம்.

ஆண்டுக்கு ஒருமுறை பர்னரையும் செம்புப் பெட்டியையும் சுத்தம் செய்ய வேண்டும். தூசியும் சிலந்தி வலையும் காற்று வழியை அடைத்துவிடும். டாங்கர் நீரும் கிணற்று நீரும் உப்பைப் படிய வைக்கும். தீ மஞ்சளாக எரிந்தாலோ கீசரின் முகப்பில் கரி படிந்தாலோ அன்றே நிறுத்திவிடுங்கள். ஆனால் தீ நீலமாக இருப்பதை மட்டும் வைத்து அறை பாதுகாப்பானது என்று முடிவு கட்ட வேண்டாம். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைக் கையேட்டில் சொன்ன இடத்தில் மாட்டுவது நல்ல கூடுதல் காவல்.

இடம் பற்றிய எச்சரிக்கை வீட்டுக் கீசருக்கு மட்டுமானது அல்ல. நட்சத்திர ஓட்டல்களிலும் கிளப் ஹவுஸ்களிலும் நீச்சல் குளம், ஸ்பா ஆகியவற்றுக்கு வைக்கும் காஸ் ஹீட்டர்கள் 75 முதல் 120 கிலோவாட் வரை எரிபவை. நம் கீசரைப் போல் ஆறு முதல் பத்து மடங்கு. அவற்றைத் திறந்தவெளியிலோ, காற்று வரவும் புகை போகவும் தனி வழி உள்ள இயந்திர அறையிலோ மட்டும் வைக்கிறார்கள். அளவு மாறினாலும் விதி மாறவில்லை. குளத்துக்குப் பக்கத்தில் கடைப்பிடிக்கும் இந்த எச்சரிக்கை, நாம் தாழிட்டுக் குளிக்கும் சின்ன அறைக்கு இன்னும் அதிகமாகத் தேவை.

மயங்கி விழுந்தால்

குளியலறையிலிருந்து பதில் வராவிட்டால் காத்திருக்க வேண்டாம். வெளியே உள்ள காஸ் வால்வை மூடுங்கள், கதவை உடைத்துத் திறவுங்கள், மூச்சை அடக்கிக்கொண்டு அவரை வெளியே இழுத்து வாருங்கள். உதவப் போனவரும் உள்ளேயே விழுந்துவிடக்கூடும், ஆகவே அங்கே நிற்க வேண்டாம். திறந்த காற்றில் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். மூச்சு இல்லையென்றால், தெரிந்தவர்கள் உடனே செயற்கைச் சுவாசமும் மார்பு அழுத்தமும் தொடங்க வேண்டும்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முதல் செய்தி, காஸ் கீசர் எரிந்துகொண்டிருந்தது என்பது. இதைச் சொல்லாவிட்டால் சிகிச்சை வழி தவறலாம். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டர், கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தமாகவே கணக்கிட்டு 98, 99 என்று காட்டும். அந்த எண்ணை நம்பி வீட்டுக்கு அழைத்து வந்துவிடக் கூடாது. உண்மையை ரத்தப் பரிசோதனைதான் காட்டும். சாதாரணக் காற்றில் ரத்தத்திலுள்ள நஞ்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். மருத்துவமனைக்கு விரைவாகப் போவதன் பயன் இதுவே.

முடிவாக

காஸ் கீசரை வீட்டிலிருந்தே விரட்ட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. திறந்த பால்கனியில், தகுதியுள்ள ஆள் பொருத்திய, ஆண்டுதோறும் சுத்தம் செய்யும் கீசர் பயனுள்ள கருவி. அடைப்பறை வகையை வாங்க முடிந்தவர்களுக்கு அது இன்னும் நல்லது. வெளியே வைக்க இடமில்லாத வீட்டில் மின்சாரக் கீசரே சரி. அதற்கும் முறையான எர்த்திங்கும், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் சுவிட்சும் வேண்டும். மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டணம் வரும். அந்த வித்தியாசத்துக்காக ஏற்கத்தக்க ஆபத்து இது இல்லை.

வாடகை வீட்டுக்குப் போகிறவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் குளியலறைச் சுவரை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். அங்கே காஸ் கீசர் தொங்கினால், அதை வெளியே மாற்றித் தரும்படி உரிமையாளரிடம் கேளுங்கள். சொந்த வீட்டுக்காரர்கள் அடுத்த தீபாவளிக்குக் காத்திராமல் இந்த வாரமே அந்த வேலையை முடியுங்கள். மாற்றும் வரை, கதவைத் திறந்து வைத்து வாளியில் வெந்நீர் பிடித்துக்கொண்டு, கீசரையும் அதன் வால்வையும் மூடி, அறையில் காற்று மாறிய பிறகே குளிக்கச் செல்லுங்கள்.